சீட்டின் மேல் ஒரு புள்ளி

அப்பா: ...டீ ஆறிப்போகுது பாப்பா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து குடி.

மகள்: வேணாம்ப்பா. நின்னுக்கறேன். நீங்க உக்காருங்க.

அப்பா: எனக்கு வேலை கிடக்கு. இந்த வீலைக் கோட்டம் எடுக்கணும். நின்னாத்தான் கண்ணுக்கு நேரா தெரியும்.

மகள்: காலையில தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்டீங்களே, அதுவும் கோட்டம் எடுக்கவா?

அப்பா: நீயும்தான் நின்னே.

மகள்: நான்... ஜன்னல் பக்கம் காத்து வந்துச்சு.

அப்பா: ஒரு வாரமா காத்து வாங்கறே. ராத்திரி குப்புறப் படுக்கறே. படியில இறங்கறப்போ ஒரு காலை அகட்டி வைக்கறே.

மகள்: என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்களா? கடையைப் பாருங்கப்பா.

அப்பா: கடையில இருந்துதான் பாத்தேன். காலையில பிராக்டிஸுக்குப் போறப்போ கடையைத் தாண்டற வரைக்கும் ஜம்முனு உக்காந்து ஓட்டறே. தெருமுனை திரும்பினதும் பெடல் மேல எழுந்து நிக்கறே. எதிர்க்கடை கண்ணாடியில எல்லாம் தெரியுது.

மகள்: அது... ஒரு பயிற்சி. நின்னு ஓட்டினா தொடைக்கு நல்லது.

அப்பா: எனக்கே காதுல பூ சுத்தறியா? வலிக்குதா பாப்பா?

மகள்: எங்க?

அப்பா: எங்கன்னா... நான் எப்படிச் சொல்றது. வண்டியில உக்காந்தா எங்க படுமோ, அங்க.

மகள்: ஐயோ அப்பா!

அப்பா: என்ன ஐயோ? நான் சைக்கிள் மெக்கானிக். சீட்டைப் பத்தித்தானே கேக்கறேன்.

மகள்: அப்போ சீட்டைப் பத்தி மட்டும் கேளுங்க. உக்காரறவளை விட்டுடுங்க.

அப்பா: உக்காரற ஆளை விட்டுட்டு சீட்டுகிட்டயா வலிக்குதான்னு கேப்பேன்?

மகள்: அம்மா வரட்டும். நான் அம்மாகிட்ட பேசிக்கறேன்.

அப்பா: அம்மா வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும். உங்க அக்கா இன்னும் ஆஸ்பத்திரியை விட்டே வரல. பந்தயம் வர்ற ஞாயித்துக்கிழமை. டீமுக்கு ஆள் எடுக்கற பந்தயம்.

மகள்: எனக்குத் தெரியாதா?

அப்பா: போன்லயாவது சொல்லியிருக்கலாம்ல?

மகள்: சொன்னா அடுத்த பஸ்ஸுல அம்மா இங்க வந்து நிப்பாங்க. பச்சக் கொழந்தையை வெச்சுக்கிட்டு அக்கா தனியாத் திண்டாடுவா. வேணாம்.

அப்பா: சரி. உனக்குச் சொல்லக் கூச்சம், எனக்குக் கேக்கக் கூச்சம். இப்படியே மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தா ஞாயித்துக்கிழமை வந்துடும். இந்தா, பிடி.

மகள்: என்ன இது? சாக்பீஸ்?

அப்பா: டியூப்ல எங்க காத்து போகுதோ அங்க புள்ளி வைப்பேன்ல? அதே மாதிரி. மேஜை மேல பழைய சீட்டு ஒண்ணு கிடக்கு பாரு. எங்க வலிக்குதோ, சீட்டுல அந்த எடத்துல ஒரு புள்ளி வை. நான் திரும்பி நின்னுக்கறேன். நீ வாயே திறக்க வேணாம்.

மகள்: சிரிப்பு வருதுப்பா.

அப்பா: சிரிச்சுக்கிட்டே வை.

மகள்: திரும்பாதீங்க... இன்னும் இல்ல... ம். ஆச்சு.

அப்பா: எங்க பாப்போம்... சீட்டு மூக்குக்குக் கொஞ்சம் பின்னால. இடது ஓரம். தொடை மடியற எடம். ...ம். அதே எடம்தான்.

மகள்: என்ன அதே எடம்?

அப்பா: ஒண்ணுமில்ல. முக்கால்வாசிப் பேருக்கு அங்கதான் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

மகள்: எந்த டாக்டரம்மா?

அப்பா: ஆஸ்பத்திரித் தெருவுல தோல் டாக்டரம்மா இல்ல? கூடை வெச்ச நீல சைக்கிள். நம்மகிட்டதான் பிரேக் கட்டை மாத்திக்குவாங்க.

மகள்: அவங்ககிட்ட போய் என்னைப் பத்திச் சொன்னீங்களா? என் மானமே போச்சு!

அப்பா: உன் பேச்சையே எடுக்கல. இது வேற. ஒரு கஸ்டமர் விஷயமா முந்தாநாள் பேச வேண்டி வந்துச்சு.

மகள்: எந்தக் கஸ்டமர்?

அப்பா: இருக்காரு ஒருத்தர். கொஞ்சம் வயசான ஆளு. திடீர்னு ரேஸ் சைக்கிள்ல ஏறி ரொம்ப தூரம் போயிட்டாரு. திரும்பி வந்தா நடக்க முடியல.

மகள்: அந்த வயசுல எதுக்கு அவருக்கு ரேஸ் சைக்கிள்?

அப்பா: ஏன், ஓட்டக் கூடாதா?

மகள்: ஓட்டட்டும். கொஞ்சம் புத்தியோட ஓட்டணும்ல. நட்டு கழண்ட கேசா இருக்கும்.

அப்பா: அப்படிச் சொல்லாதே. பாவம், நல்ல மனுஷன்.

மகள்: ஓ... மொட்டை மாடிக் கொடியில தொளதொளன்னு கறுப்பா ஒரு ட்ரவுசர் காயுதே, சைக்கிள் ஓட்டறதுக்கு உள்ள மெத்தையா பேட் வெச்சது. அது அவரோடதா?

அப்பா: ஆ... ஆமா. அவரோடதுதான்.

மகள்: கஸ்டமர் ட்ரவுசரை எதுக்குப்பா நம்ம வீட்ல காயப் போடறீங்க?

அப்பா: அவர் வீட்ல... வெயில் வராது.

மகள்: நல்ல மெக்கானிக். சைக்கிளையும் கழுவி, துணியையும் துவைச்சுக் குடுக்கறீங்க.

அப்பா: கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ. டாக்டரம்மா அவர்கிட்ட கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? ‘ட்ரவுசருக்குள்ள என்ன போட்டிருந்தீங்க?’ன்னு. அவரு ஜட்டி போட்டு, அதுக்கு மேல பேட் வெச்ச ட்ரவுசரை மாட்டியிருக்காரு. அதான் தப்பாம். அந்த ஜட்டித் தையல் இருக்குல்ல, அது மைல்கணக்கா உரசிக்கிட்டே வந்திருக்கு. உள்ள ஒண்ணுமே போடக் கூடாதாம். தோலும் பேடும் ஒட்டித்தான் இருக்கணுமாம்.

மகள்: ...

அப்பா: ஏன் பேச்சைக் காணோம்? நீயும் போட்டியா?

மகள்: மொதல்ல போடல. வலி ஆரம்பிச்ச பிறகு போட்டேன்.

அப்பா: அடடா.

மகள்: ரெண்டு.

அப்பா: ரெண்டா?

மகள்: மெத்துனு இருக்கும்னு நெனைச்சேன்ப்பா! யாருகிட்ட கேக்கறது? கிளப்புல அத்தனை பசங்களுக்கு நடுவுல நான் ஒருத்திதான். கோச் சாரும் ஆம்பளை. ‘சார், எனக்கு இங்க உரசுது’ன்னு கைதூக்கிக் கேக்கச் சொல்றீங்களா?

அப்பா: சரி சரி. கோவப்படாதே. ஓட்டி முடிச்சதும் ட்ரவுசரை மாத்தறியா?

மகள்: எங்க மாத்தறது? மைதானத்துல பசங்க மரத்துக்குப் பின்னால போய் மாத்திக்கறாங்க. நான் அதே ஈரத்தோட உக்காந்து சார் பேசறதை எல்லாம் கேட்டுட்டு, அப்படியே வேலைக்குப் போறேன். அங்க போய்த்தான் மாத்துவேன்.

அப்பா: அதுதான் ரெண்டாவது தப்பு. வேர்வையில ஊறின தோல் சீக்கிரம் கிழியுமாம். கிருமிக்கு அது விருந்து வெச்ச மாதிரியாம். இறங்கினதும் மாத்தணும், கழுவணும், தேய்க்காம ஒத்தித் துடைக்கணும். அந்தக் கஸ்டமரும் ஈரத்தோட கடையில... அவரோட கடையில நின்னுக்கிட்டு இருந்திருக்காரு.

மகள்: மாத்தறதுக்கு எடம் வேணுமேப்பா.

அப்பா: பின்னாடி டியூப் அடுக்கற ரூம் இருக்குல்ல? போய்ப் பாரு.

மகள்: அங்க என்ன... டியூப் எல்லாம் எங்க? ...அப்பா! தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க!

அப்பா: உள்பக்கமா. வாளியில தண்ணி, ஆணியில துண்டு. மைதானத்துல இருந்து நேரா இங்க வா. மாத்திக்கிட்டு வேலைக்குப் போ.

மகள்: எப்போ செஞ்சீங்க?

அப்பா: இன்னிக்கு விடியக்காலையில. நின்னுக்கிட்டே செய்யற வேலைதானே.

மகள்: ...

அப்பா: கண்ணைத் துடை. கிரீஸ் பட்டுக்கப் போவுது. அப்புறம்... டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க.

மகள்: சொல்லுங்க.

அப்பா: பொம்பளைங்களுக்குன்னு தனியா சொன்னாங்க. வண்டி ஓட்டற பொம்பளைங்க சில பேரு... அந்த பிளேடு விஷயம்...

மகள்: அப்பா போதும்! இதுக்கு மேல வேணாம்!

அப்பா: நான் உன்கிட்ட சொல்லல. இதோ, திரும்பிக்கிட்டேன். இந்தச் சக்கரத்துகிட்ட சொல்றேன். உன் காதுல விழுந்தா விழட்டும்.

மகள்: கடவுளே...

அப்பா: சக்கரமே, நல்லாக் கேட்டுக்கோ. ஒட்டச் சிரைச்சா முடி நுனி கூர்மையாயிடுமாம். திரும்ப வளர்றப்போ தோலுக்கு வெளிய வராம, மடங்கி உள்ளுக்குள்ளயே வளருமாம். அதுமேல மணிக்கணக்கா சீட்டு அழுத்தினா சிவந்து, வீங்கி, கட்டியாயிடுமாம்.

மகள்: ...சக்கரம் கேக்குது. முடி இருந்தா உரசாதான்னு.

அப்பா: இருக்கறதுதான் நல்லதாம்னு சொல்லு சக்கரத்துகிட்ட. தோலுக்கும் துணிக்கும் நடுவுல அது ஒரு காவல். தொந்தரவா இருந்தா கத்தரிக்கோலால குட்டையா வெட்டிவிட்டா போதுமாம். சிரைச்சே ஆகணும்னா வெந்நீர்ல ஊற வெச்சு, புது பிளேடால, முடி சாயற பக்கமா. எதிர்ப்பக்கம் கூடாது. பந்தயத்துக்கு முந்தின நாள் கூடவே கூடாது.

மகள்: சக்கரம் போன பந்தயத்துக்கு முந்தின நாள்தான் சிரைச்சுதாம். சோப்பு கூடப் போடல. அவசரத்துல.

அப்பா: எதிர்ப்பக்கமா?

மகள்: எல்லாப் பக்கமும்.

அப்பா: நாசமாப் போச்சு.

மகள்: அப்புறம் உள்ள கறுப்பா முடி தெரிஞ்சுதாம். சக்கரம் ஊசியால குத்திப் பாத்துச்சாம்.

அப்பா: ஊசியாலயா! அடிப்பாவி, அது என்ன பஞ்சரா, முள்ளைக் குத்தி எடுக்கறதுக்கு?

மகள்: திரும்பாதீங்கப்பா! சக்கரத்தைப் பாத்துப் பேசுங்க! ...வெந்நீர்ல போட்டு எடுத்த ஊசிதான்.

அப்பா: எந்த ஊசியும் கூடாது. கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது. வெதுவெதுன்னு துணியை நனைச்சு ஒத்தடம் குடுக்கணும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, பொறுமையா. பாதிக்கு மேல தானா அடங்கிடுமாம். வீட்ல இருக்கறப்போ தொளதொளன்னு பருத்தித் துணி. ...காய்ச்சல் இருக்கா?

மகள்: இல்ல.

அப்பா: சீழ்?

மகள்: ...இல்ல.

அப்பா: எவ்ளோ பெரிசு?

மகள்: பட்டாணி அளவு. நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. சக்கரம் ரெண்டு நாளா வண்டியைத் தொடவே இல்ல.

அப்பா: நல்ல சக்கரம். இன்னிக்கு சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட போறோம். டோக்கன் போட்டாச்சு. அவங்க பாத்து மருந்து குடுக்கட்டும். நானும் நீயும் டாக்டர் இல்ல.

மகள்: நீங்களும் வர்றீங்களா?

அப்பா: வாசல்ல நிக்கறேன்.

மகள்: போன் அடிக்குது பாருங்க. அம்மாதான்.

அப்பா: ஸ்பீக்கர்ல போடு. கை பூரா கிரீஸ்.

அம்மா: ஹலோ... என்னங்க? ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?

அப்பா: ஆச்சு, ஆச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிட்டோம்.

அம்மா: உக்காந்து ஒழுங்கா சாப்பிட்டீங்களா, இல்ல அவ ஒரு பக்கம் ஓடிக்கிட்டே, நீங்க ஒரு பக்கம் நின்னுக்கிட்டேவா?

மகள்: உக்காந்துதாம்மா.

அப்பா: சம்மணம் போட்டு.

அம்மா: என்ன ரெண்டு பேர் குரலும் ஒரு மாதிரியா இருக்கு? ஞாயித்துக்கிழமை போன் பண்ணினப்போ உங்களுக்கு மூச்சு வாங்குச்சே. லீவு நாள்ல அப்படி என்ன செஞ்சீங்க?

அப்பா: அது... பரண் சுத்தம் பண்ணினேன்.

அம்மா: பரணையா? நான் இல்லாதப்போதான் உங்களுக்குக் கை வளையும். பாப்பா, இங்க பாருடி. பக்கத்து பெட்காரங்க, நர்சம்மா எல்லாருக்கும் உன் போட்டோவைக் காட்டிட்டேன். ஏரிக்கரை மேட்டுல எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றாங்க, நீ மட்டும் சிரிச்சுக்கிட்டே வர்றியே, அந்தப் போட்டோ. வர்ற ஞாயித்துக்கிழமை போன்ல காட்டணுமாம். உங்க அக்கா கொழந்தையோட உக்காந்து பாக்கப் போறாளாம்.

மகள்: ...சரிம்மா.

அம்மா: நான் மொதல்ல எவ்ளோ திட்டினேன் உன்னை, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு. இப்போ வார்டு பூரா நான்தான் தம்பட்டம் அடிச்சுக்கிட்டுத் திரியறேன். நல்லா சாப்பிடு. உடம்பைப் பாத்துக்கோ. கொழந்தை அழறான், வெச்சுடறேன்...

அப்பா: ...வெச்சுட்டா.

மகள்: ம்.

அப்பா: என்ன, முகம் தொங்கிப் போச்சு?

மகள்: அப்பா... நான் ஒண்ணு செஞ்சுட்டேன். திட்டக் கூடாது.

அப்பா: ஊசியை விடவா பெரிசு?

மகள்: நேத்து ராத்திரி கோச் சாருக்குப் போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை வரலைன்னு சொல்லிட்டேன். காய்ச்சல்னு பொய் சொன்னேன். அம்மா அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. என்ன செய்யறதுன்னே தெரியலப்பா.

அப்பா: கட்டி அடங்கிட்டு வருதுன்னு நீயே சொல்றியே. இன்னும் நாள் இருக்கே. அதுக்குள்ள ஏன் வரலைன்னு சொன்னே?

மகள்: கட்டி போயிடும்ப்பா. திரும்ப உக்காந்தா திரும்ப வரும். எனக்குத் தெரியும்.

அப்பா: ஏன் வரும்? உள்ள போடறதை நிறுத்திட்டா, உடனே மாத்திக்கிட்டா—

மகள்: ஜட்டி போட்டது வலி வந்த பிறகு. பிளேடும் போன பந்தயத்துக்குத்தான். வலி அதுக்கெல்லாம் முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு.

அப்பா: எப்போ?

மகள்: விடுங்கப்பா.

அப்பா: எப்போ பாப்பா?

மகள்: ...அந்த சீட்டு மாட்டினதுல இருந்து.

அப்பா: ...

மகள்: நான் சொல்லியிருக்கவே கூடாது.

அப்பா: சொல்லு. நிறுத்தாதே.

மகள்: நீங்க அதைப் பழைய ரேஸ் வண்டியில இருந்து கழட்டிட்டு வந்து, ராத்திரி ராத்திரியா உக்காந்து தோல் மாத்தித் தைச்சீங்க. ஊசி குத்திக் குத்தி உங்க கட்டைவிரல் பழுத்துப் போச்சு. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் பிடிச்சு நிறுத்தி, ‘எம்பொண்ணு வண்டி சீட்டைப் பாத்தீங்களா, கத்தி மாதிரி இருக்கு’ன்னு காட்டினீங்க. நான் எப்படிப்பா சொல்வேன், அது கத்தி மாதிரியேதான் இருக்குன்னு?

அப்பா: அதுக்காக இத்தனை நாள் வாயைத் திறக்காம ஓட்டினியா?

மகள்: அதுல தையல் எவ்ளோ நேரா இருக்கு தெரியுமா? கிளப்புல எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. எங்கப்பா தைச்சதுன்னு சொல்றப்போ எனக்கு அவ்ளோ பெருமையா இருக்கும். அப்புறம் ஏறி உக்காருவேன்... கண்ணுல தண்ணி நிக்கும்.

அப்பா: அந்தப் போட்டோவுல சிரிக்கறியே.

மகள்: மேடு ஏறறப்போ சீட்டுல உக்கார வேணாம்ல. அந்த நிம்மதியில சிரிச்சது.

அப்பா: ...போ. போய் உன் வண்டி மேல இருக்கற போர்வையை எடு.

மகள்: எதுக்கு?

அப்பா: எடுன்னா எடேன்.

மகள்: இருங்க... அப்பா! சீட்டு! இது யாரோடது? எவ்ளோ அகலமா... நடுவுல பள்ளம் வேற இருக்கு!

அப்பா: உன்னோடதுதான். நேத்து மாட்டினேன்.

மகள்: நான் ஒரு வார்த்தை சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: பொம்பளைங்களுக்கு உக்காரற எலும்பு ரெண்டும் ஆம்பளைங்களை விட அகலமா இருக்குமாம். ஆம்பளை உக்காந்த சீட்டைக் கழட்டி உனக்கு மாட்டினா, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைச் சதை தாங்குது. டாக்டரம்மா சொன்னப்போதான் எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா சைக்கிள் மாட்டறேன், உக்காரற எலும்பை நான் அளந்ததே இல்ல.

மகள்: என்னை எப்போ அளந்தீங்க?

அப்பா: நேத்துக் காலையில படியில அட்டையை விரிச்சு, அது மேல உக்காந்து ஷூ மாட்டுன்னு சொன்னேன்ல?

மகள்: படி அழுக்குன்னு சொன்னீங்களே!

அப்பா: படி சுத்தமாத்தான் இருந்துச்சு. நீ எழுந்து போனதும் அட்டையில ரெண்டு குழி விழுந்திருந்துச்சு. அதை அளந்து, அந்த அளவுக்கு சீட்டு எடுத்துட்டு வந்தேன்.

மகள்: பெரிய கில்லாடிப்பா நீங்க.

அப்பா: நான் என்ன கில்லாடி. கில்லாடியா இருந்தா முன்னாடியே அளந்திருப்பேன். சரி, இப்ப கோச்சுக்குப் போன் பண்ணு.

மகள்: என்னன்னு?

அப்பா: பேரை எடுக்க வேணாம்னு. சனிக்கிழமை டாக்டரம்மா பாத்து ஓட்டலாம்னு சொன்னா ஓட்டு. வேணாம்னு சொன்னா அடுத்த வருஷம் ஓட்டு. அம்மாவுக்கும் வார்டுக்கும் நான் பதில் சொல்லிக்கறேன்.

மகள்: காய்ச்சல்னு சொன்னேனே...

அப்பா: அது உன் இஷ்டம்.

மகள்: ...ஹலோ, சார். நான்தான். ...இல்ல சார், காய்ச்சல் இல்ல. பொய் சொல்லிட்டேன். சீட்டு உரசிப் புண்ணு. ...ஆமா சார், புண்ணுதான், கட்டி வந்துடுச்சு. உள்ள முடி மடங்கி வளர்ந்து வர்ற கட்டி. ...டாக்டர்கிட்ட போறேன். சனிக்கிழமை சொல்றேன், பேரை வெச்சிருங்க. ...சார், இன்னொண்ணு. மைதானத்துல பொண்ணுங்க துணி மாத்தறதுக்கு ஒரு ரூம் வேணும். ...நான் ஒருத்திதான், தெரியும். ரூம் இருந்தா இன்னும் நாலு பேர் வருவாங்க சார். ...சரி சார். தேங்க்ஸ் சார்.

அப்பா: ...

மகள்: என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?

அப்பா: சாக்பீஸ் இல்லாமலே சொல்லிட்டியே!

மகள்: என்ன சொன்னாரு தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு நல்லா ஓட்டிக்கிட்டு இருந்தாளாம், திடீர்னு நின்னுட்டாளாம். ஏன்னு இப்பத்தான் புரியுதுன்னாரு. ரூமுக்கு இன்னிக்கே கேக்கறாராம்.

அப்பா: எனக்கு உன்னை நெனைச்சா ரொம்பப் பெருமையா இருக்கு பாப்பா. கோப்பை வாங்கினப்போ கூட இவ்ளோ இல்ல.

மகள்: போதும், போதும். ...அந்தப் பழைய சீட்டு எங்க?

அப்பா: அது எதுக்கு இப்போ?

மகள்: நீங்க தைச்சது. தூக்கிப் போட்டுடாதீங்க. என் ரூம்ல வெச்சுக்கறேன்.

அப்பா: அலமாரி மேல இருக்கும். இரு, நான் அப்புறமா துடைச்சு... ஏய், தூசி! விடு, நான் எடுத்துத் தர்றேன்—

மகள்: அப்பா.

அப்பா: ம்?

மகள்: இதுல ஒரு புள்ளி இருக்கு.

அப்பா: தூசியா இருக்கும்.

மகள்: சாக்பீஸ் புள்ளி. மூக்குக்குக் கொஞ்சம் பின்னால. இடது ஓரம். நான் இதுல வைக்கலையே, மேஜை மேல கிடந்ததுலதானே வெச்சேன்.

அப்பா: அது... அந்தக் கஸ்டமர் வெச்சிருப்பாரு.

மகள்: அவரு எதுக்கு என் சீட்டுல புள்ளி வைக்கணும்?

அப்பா: அவருக்கு ஒரு பொண்ணு. ரேஸ் ஓட்டறவ. ஒரு வாரமா நின்னுக்கிட்டே சாப்பிடறா, கேட்டா காத்து வாங்கறேன்னு சொல்றா. அவரு என்ன செய்வாரு? போன ஞாயித்துக்கிழமை அவ தூங்கிக்கிட்டு இருந்தப்போ, அவ வண்டியை எடுத்துக்கிட்டு, அவ போற அதே வழியில அணை வரைக்கும் போய்ப் பாக்கலாம்னு கிளம்பினாரு.

மகள்: ...போனாரா?

அப்பா: எங்க போனாரு. ஏரிக்கரை மேடு வர்றதுக்குள்ளயே உயிர் போயிடுச்சு. இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தாரு. வழி பூரா அழுகை. வலியில இல்ல. இதுமேல உக்காந்துதானே எம்புள்ள அத்தனை பேரையும் முந்திட்டு வந்தா, ஒரு நாள் கூட முகத்தைச் சுளிக்கலையேன்னு. ஆம்பளை, சாதாரண ரோட்டுல, ஒரு காலைப் பொழுது தாங்க முடியலையே, அவ எப்படித் தாங்கினான்னு.

மகள்: ...நட்டு கழண்ட கேசு.

அப்பா: நான்தான் பாவம்னு சொன்னேன்ல.

மகள்: அப்பா... இங்க வாங்க. அந்த வீலைக் கீழ வைங்க. மொதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

அப்பா: உக்கார முடிஞ்சா உக்கார மாட்டேனா? டாக்டரம்மாகிட்ட ரெண்டு டோக்கன் போட்டிருக்கேன் பாப்பா... ஒண்ணு உனக்கு, ஒண்ணு அந்தக் கஸ்டமருக்கு.